விமானம் இறங்கும்போது தூங்காதீர்கள்

(நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், ‘சி’ பிளாக்கில் வசிக்கும் காது மூக்கு தொண்டை மருத்துவர் பேசியதன் எழுத்து வடிவம்.)

தண்ணீர் லாரிக் கணக்கும் பார்க்கிங் சண்டையும் முடிந்து களைத்துப் போயிருக்கிறீர்கள். செயலாளர் எனக்கு இருபது நிமிடம் கொடுத்திருக்கிறார். விமானம் மேலிருந்து கீழே இறங்க ஆகும் நேரமும் ஏறக்குறைய அதுதான். இரண்டிலும் தூங்கக் கூடாது என்பது என் வேண்டுகோள்.

இந்தத் தலைப்பை நான் தேர்ந்தெடுக்கவில்லை. லிஃப்டில் என்னைப் பிடித்து நிறுத்துகிறவர்கள் தேர்ந்தெடுத்தது. மே மாதம் வந்தால் நம் குடியிருப்பில் பல வீடுகள் பூட்டிக் கிடக்கும். மகன் ஒரு நாட்டில், மகள் ஒரு நாட்டில். போய்விட்டு வந்ததும் முதல் கேள்வி, “டாக்டர், இறங்கி மூணு நாளாச்சு, இன்னும் காது குப்புனு அடைச்சிருக்கே?” என்பதுதான். வந்த பிறகு கேட்கிறீர்கள். இந்த ஒரு விஷயத்தில் போவதற்கு முன்னால் கேட்டால்தான் பிரயோஜனம். அது ஏன் என்பதைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

விமானம் 35,000 அடி உயரத்தில் பறந்தாலும், உள்ளே உட்கார்ந்திருக்கும் நமக்கு அந்த உயரத்துக் காற்று இல்லை. காற்றை உள்ளே அழுத்திச் செலுத்தி, சுமார் 6,000 முதல் 8,000 அடி உயரத்தில் இருப்பது போன்ற நிலையில் வைத்திருக்கிறார்கள். ஊட்டியின் உயரம் சுமார் 7,350 அடி. ஆகவே நீங்கள் துபாய்க்குப் போனாலும் டொராண்டோவுக்குப் போனாலும், உங்கள் காதைப் பொறுத்தவரை வழியெல்லாம் ஊட்டியில்தான் உட்கார்ந்திருக்கிறீர்கள். குளிர் மட்டும் ஏசி.

ஊட்டியிலிருந்து மலைப்பாதையில் மேட்டுப்பாளையம் இறங்கும்போது காது அடைத்துக்கொண்டதும், எச்சில் விழுங்கியதும் ‘டப்’ என்று திறந்ததும் பலருக்கு நினைவிருக்கும். வண்டி வளைந்து வளைந்து, இரண்டு மணி நேரத்தில், அதுவும் நடுவில் டீக்கு நிறுத்தி இறங்குகிறது. விமானமோ அதே ஊட்டியிலிருந்து மெரினா கடற்கரை வரைக்கும் உங்களை இருபது, இருபத்தைந்து நிமிடத்தில் இறக்கிவிடுகிறது. காதுக்கு அவகாசம் இல்லை. தொல்லை அவ்வளவுதான்.

காதுக்குள் என்ன நடக்கிறது? செவிப்பறைக்குப் பின்னால் நடுச்செவி என்று ஒரு சின்ன அறை இருக்கிறது. அதில் காற்று இருக்கிறது. அந்த அறைக்கு ஒரே ஒரு வாசல், மூக்கின் பின்பக்கம் தொண்டைக்குத் திறக்கும் ஒரு குழாய். யூஸ்டேஷியன் குழாய் என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். 16ஆம் நூற்றாண்டு இத்தாலிய உடற்கூறு அறிஞர் யூஸ்டாகியின் பெயர் அது. பெரியவர்களுக்கு மூன்றரை சென்டிமீட்டர் நீளம் இருக்கும். சாதாரணமாக மூடித்தான் இருக்கும். எச்சில் விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் அண்ணத்துத் தசை இழுத்து அதை ஒரு கணம் திறக்கிறது. அந்த ஒரு கணத்தில் வெளிக் காற்றும் உள் காற்றும் சமமாகிவிடுகின்றன.

இப்போது எல்லோரும் எச்சில் விழுங்குங்கள். இதை வீட்டில் படிக்கிற நீங்களும்தான். காதில் ‘க்ளிக்’ என்று மெலிதாக ஒரு சத்தம் கேட்டதா? அதுதான் அந்த வாசல் திறக்கும் சத்தம். கேட்கவில்லை என்றாலும் கவலைப்பட வேண்டாம். எல்லோருக்கும் கேட்பதில்லை.

சைக்கிள் வால்வு டியூப் தெரியும் அல்லவா? ஒரு பக்கம் காற்று தானாகப் போகும், மறுபக்கம் போகாது. இந்தக் குழாயும் கொஞ்சம் அந்த மாதிரிதான். விமானம் ஏறும்போது வெளி அழுத்தம் குறைகிறது. உள்ளே இருக்கும் காற்று விரிந்து, குழாயைத் தானே தள்ளித் திறந்துகொண்டு வெளியேறிவிடும். நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம். இறங்கும்போது கதை தலைகீழ். வெளி அழுத்தம் கூடுகிறது. காற்று உள்ளே போக வேண்டும். ஆனால் தொண்டைப் பக்கத்து மெல்லிய சதை, அதே அழுத்தத்தால் ஒட்டிக்கொள்கிறது. நீங்களாக விழுங்கித் திறந்தால்தான் உண்டு. தூங்கும்போது நாம் விழுங்குவது மிகவும் குறைந்துபோகும் என்பதை இத்துடன் சேர்த்துப் பாருங்கள். தலைப்பின் காரணம் புரியும்.

கணக்குப் பிரியர்களுக்காக ஒன்று. கடல் மட்டத்தில் காற்றழுத்தம் 760 மில்லிமீட்டர் பாதரசம். 8,000 அடியில் சுமார் 565. இந்த வித்தியாசம் முழுவதையும் சரிசெய்யாமலே தரையிறங்கினால், 0.1 மில்லிமீட்டர் தடிமனே உள்ள செவிப்பறை மேல் ஏறும் பாரம் 150 கிராமுக்குப் பக்கத்தில் வரும். ஒரு பெரிய தக்காளியின் எடை. வலிக்காமல் என்ன செய்யும்?

இதைவிட முக்கியமான எண் ஒன்று உண்டு. வித்தியாசம் சுமார் 90 மில்லிமீட்டரைத் தாண்டிவிட்டால், குழாய் பூட்டிக்கொள்ளும். அதன் பிறகு எவ்வளவு விழுங்கினாலும் தசையால் அதைத் திறக்க முடியாது. பூட்டுவதற்கு முன் திறந்து வைத்தால் எளிது. பூட்டிய பிறகு தட்டினால் திறக்காது. வலி வந்த பின் மிட்டாய் தேடுகிறவர்களுக்கு அது ஏன் வேலை செய்வதில்லை என்பதற்கு இதுதான் விடை.

எப்போது ஆரம்பிப்பது? ‘இருக்கையை நேராக நிமிர்த்துங்கள்’ என்று அறிவிக்கும்வரை காத்திருக்க வேண்டாம். அது பெரும்பாலும் தாமதமான நேரம். தரையிறங்க அரை மணி நேரம் இருக்கும்போதே விமானம் இறங்கத் தொடங்கிவிடும். இஞ்சின் சத்தம் சட்டென்று தணியும். மூக்கு லேசாகக் கீழே சாய்ந்த உணர்வு வரும். அந்த நிமிடத்திலிருந்து, காதில் ஒன்றும் தெரியாவிட்டாலும், நிமிடத்துக்கு இரண்டு மூன்று தடவை விழுங்கிக்கொண்டே இருங்கள். சக்கரம் தரையைத் தொடும்வரை நிறுத்தாதீர்கள். கீழே வரவரக் காற்று அடர்த்தி கூடுவதால், கடைசிச் சில ஆயிரம் அடிகளில்தான் அழுத்தம் வேகமாக ஏறும்.

சும்மா விழுங்கு என்றால் வாய் உலர்ந்துவிடும். அதற்குத்தான் மிட்டாய். பழைய இந்தியன் ஏர்லைன்ஸ் விமானங்களில் பணிப்பெண் ஒரு தட்டில் மிட்டாயும் பஞ்சும் கொண்டு வருவார், மூத்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். அந்த மிட்டாய்க்குப் பின்னால் முழு மருத்துவ நியாயம் இருந்தது. பஞ்சுக்கு இரைச்சலைக் குறைப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. இப்போது யாரும் மிட்டாய் தருவதில்லை, நாமே கொண்டு போவோம். என் சிபாரிசு கமர்கட்டு. சீக்கிரம் கரையாது, எச்சில் ஊறிக்கொண்டே இருக்கும். பல்செட்டுக்காரர்களும் சர்க்கரைக்காரர்களும் மன்னிக்க வேண்டும். உங்களுக்குத் தண்ணீர் போதும். காலி பாட்டிலைக் கொண்டுபோய்ச் சோதனை முடிந்த பிறகு நிரப்பி, இறங்கும் நேரத்துக்கென்று பாதியை மிச்சம் வையுங்கள். சூயிங் கம்மும் நல்லதுதான். சிங்கப்பூர் போகிறவர்கள் மட்டும் அதை எடுத்துப் போக வேண்டாம். அங்கே அதைக் கொண்டுவர 1992 முதல் தடை இருக்கிறது.

விழுங்கியும் திறக்கவில்லை என்றால் அடுத்தது மூக்கைப் பிடிப்பது. இதில் மூன்று வகை உண்டு. முதலாவது டாயின்பீ முறை. மூக்கை விரலால் மூடிக்கொண்டு விழுங்குவது, அவ்வளவுதான். இரண்டாவது, மூக்கை மூடி, வாயையும் மூடி, மென்மையாகக் காற்றை மூக்குக்குத் தள்ளுவது. வல்சால்வா என்ற இத்தாலியர் 1704இல் தம் நூலில் எழுதியது. விமானம் பறக்க இருநூறு ஆண்டு இருக்கும்போது அவருக்கு எதற்கு இது என்று கேட்பீர்கள். நடுச்செவியில் சீழ் கட்டினால் வெளியேற்றத்தான் சொன்னார். மூன்றாவது, போர் விமானிகளுக்காக ஜெர்மானிய மருத்துவர் பிரென்செல் சொல்லிக்கொடுத்தது. மூக்கை மூடிக்கொண்டு, நாக்கின் அடிப்பாகத்தைப் பின்னால் அழுத்தி ‘க்’ என்று சொல்ல வேண்டும். ‘க’ இல்லை, புள்ளி வைத்த ‘க்’. நெஞ்சிலிருந்து காற்று வராது, தொண்டையில் இருக்கும் கொஞ்சக் காற்றுதான் நகரும். அதனால் மூன்றில் இதில் ஆபத்து குறைவு. வீட்டில் கண்ணாடி முன் நாலு நாள் பழகினால் வந்துவிடும்.

வல்சால்வா முறையைப் பற்றித்தான் ஒரு எச்சரிக்கை. என்னிடம் வந்த ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன், யார் எவர் என்று கேட்காதீர்கள். ஐம்பது வயதுக்காரர். நல்ல ஜலதோஷத்தோடு ராத்திரி விமானத்தில் ஏறியிருக்கிறார். மாத்திரை போட்ட மயக்கத்தில் அசந்து தூங்கிவிட்டார். சக்கரம் இறங்கும் சத்தத்தில் விழித்தபோது காதில் குத்தல் வலி. யாரோ சொல்லிக் கேட்டது ஞாபகம் வந்து, மூக்கை இறுக்கிப் பிடித்து, முகம் சிவக்கும் அளவுக்கு மூச்சு முட்ட ஊதினார். உள்ளே ஏதோ பட்டென்று விட்டுப்போன மாதிரி இருந்ததாம். அடுத்த நொடி விமானமே சுழன்றது அவருக்கு. சக்கர நாற்காலியில்தான் வெளியே வந்தார். உள்செவியின் மெல்லிய சவ்வு கிழிந்து திரவம் கசிந்திருந்தது. அறுவை சிகிச்சையில் தலைசுற்றல் நின்றது. அந்தக் காதின் கேள்வி திரும்பவில்லை. இப்போதும் போனை மறுபக்கக் காதில்தான் வைத்துக்கொள்கிறார்.

இது அபூர்வம். பயமுறுத்தச் சொல்லவில்லை. பூட்டிய கதவை முட்டித் திறக்கப் பார்க்காதீர்கள் என்பதற்காகச் சொன்னேன். ஒரு குழந்தையின் பலூனை ஊதும் அளவு அழுத்தம்கூட வேண்டாம். இரண்டு விநாடி மெதுவாகத் தள்ளுங்கள். திறக்கவில்லையா, விட்டுவிட்டு விழுங்குங்கள்.

ஜலதோஷத்துக்கு வருவோம். சளி பிடித்திருக்கும்போது அந்தக் குழாயின் உள்வரிசை வீங்கியிருக்கும். வாசலே இல்லாத வீடு மாதிரி. பயணத்தைத் தள்ளிப்போட முடிந்தால் தள்ளிப்போடுங்கள் என்பதுதான் நேர்மையான ஆலோசனை. ஆனால் எனக்குத் தெரியும், பேத்தியின் ஆண்டு நிறைவுக்கு டிக்கெட் எடுத்தவரிடம் இதைச் சொன்னால் அவர் வேறு டாக்டரைப் பார்ப்பார். போய்த்தான் ஆக வேண்டும் என்றால் மூக்கில் அடிக்கும் ஸ்ப்ரே. சைலோமெட்டாசொலின், ஆக்ஸிமெட்டாசொலின் என்று இரண்டு மருந்துகள், மருந்துக் கடையில் ஓட்ரிவின், நாசிவியான் என்று கேட்டால் தெரியும். வீட்டிலிருந்து கிளம்பும்போது அடித்துவிட்டு மறந்துவிடுவது வழக்கம். அதனால் பயன் குறைவு. இறக்கம் தொடங்குவதற்கு அரை மணி முன்னால் அடியுங்கள். நடுவில் விமானம் மாறுகிறவர்கள் கவனிக்க வேண்டும், ஒவ்வொரு இறக்கமும் தனிக்கணக்கு. அதற்காக ஒரே நாளில் அட்டையில் சொன்ன அளவைத் தாண்டாதீர்கள். தலையை லேசாகக் குனிந்து, குப்பியின் நுனியை மூக்கின் நடுச்சுவர்ப் பக்கம் காட்டாமல் அந்தப் பக்கத்துக் காதை நோக்கிச் சாய்த்து அடிக்க வேண்டும். நாலைந்து நாளுக்கு மேல் தொடர்ந்தால் மூக்கு அதற்குப் பழகி, நிறுத்தியதும் முன்னைவிட மோசமாக அடைக்கும்.

ரத்த அழுத்தம், இதய நோய், கண் அழுத்த நோய், புராஸ்டேட் தொல்லை இருப்பவர்கள் இந்த ஸ்ப்ரேயையும், முக்கியமாக சூடோஎபெட்ரின், பினைல்எப்ரின் கலந்த சளி மாத்திரைகளையும் உங்கள் டாக்டரிடம் கேட்காமல் தொடாதீர்கள். பக்கத்து வீட்டு மாமா போட்டுக்கொண்டு நன்றாக இருந்தார் என்பது மருத்துவச் சீட்டு ஆகாது. ஜப்பான் போகிறவர்கள் சூடோஎபெட்ரின் மாத்திரையைப் பெட்டியில் வைக்கும் முன் விதியைப் பாருங்கள், அங்கே குறிப்பிட்ட அளவுக்கு மேல் தடை. வெறும் உப்புநீர் ஸ்ப்ரே யாருக்கும் கெடுதல் இல்லை. அலர்ஜியால் நாள்பட்ட மூக்கடைப்பு உள்ளவர்கள் ஸ்டீராய்டு ஸ்ப்ரேயைப் பயணத்துக்கு ஒன்றிரண்டு வாரம் முன்னதாகவே ஆரம்பிக்க வேண்டும். ஒரு நாளில் வேலை செய்கிற மருந்து அல்ல அது.

குழந்தைகள். கைக்குழந்தைக்கு இந்தக் குழாய் நம்முடையதில் பாதி நீளம்தான், படுக்கைவாட்டில் இருக்கும், எளிதில் அடைக்கும். இறங்கும்போது விமானத்தில் பத்து குழந்தைகள் ஒரே நேரத்தில் அழுவது இதனால்தான். முன் இருக்கைக்காரர் திரும்பி முறைத்தால் கண்டுகொள்ளாதீர்கள். அழும்போதும் குழாய் திறக்கத்தான் செய்கிறது. தாய்ப்பாலோ புட்டிப்பாலோ, இறக்கம் தொடங்கும் நேரத்துக்கு மிச்சம் வையுங்கள். மடியில் தலையைச் சற்று உயர்த்திப் பிடித்துக் கொடுங்கள். ‘பாவம், இப்பத்தான் தூங்கிச்சு’ என்று பாட்டிமார்கள் தடுப்பீர்கள். எழுப்பத்தான் வேண்டும். கொஞ்சம் பெரிய குழந்தைக்கு ஸ்ட்ரா வைத்த பழச்சாறு. மூக்கைச் சிந்தத் தெரிந்த பிள்ளைக்கு ‘க்’ விளையாட்டைச் சொல்லிக்கொடுத்துவிடலாம், நம்மைவிடச் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும்.

கப்பில் சூடான ஈரத் தாளை வைத்துக் காதோடு கவிழ்த்துப் பிடிக்கும் வைத்தியத்தைச் சில விமானங்களில் பார்த்திருப்பீர்கள். காதுக்கு இதமாக இருக்கலாம், அழுத்தத்தை அது ஒன்றும் செய்யாது. வெந்நீர் கழுத்தில் சிந்திச் சுட்டுக்கொண்டவர்கள் உண்டு. குழந்தைக்கு வேண்டவே வேண்டாம்.

இறங்கியபின்னும் அடைப்பு இருந்தால்? பெரும்பாலும் சில மணி நேரத்தில், அதிகம் போனால் சில நாளில் சரியாகிவிடும். விழுங்குவதைத் தொடருங்கள். நல்லெண்ணெயில் பூண்டைக் காய்ச்சிக் காதில் ஊற்றுவதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். பிரச்சினை செவிப்பறைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. நீங்கள் ஊற்றும் எண்ணெய் இந்தப் பக்கமே நின்றுவிடும். செவிப்பறை கிழிந்திருந்தால் உள்ளே போகும், அது இன்னும் மோசம். பட்ஸ், ஹேர்பின், சாவி எல்லாவற்றுக்கும் இதே பதில். காதிலிருந்து ரத்தமோ நீரோ வந்தாலும், வலி குறையாவிட்டாலும், இரண்டு மூன்று நாளில் கேட்பது தெளியாவிட்டாலும் காட்டிவிடுங்கள். தலைசுற்றலோ, ஒரு காது திடீரென்று கேட்காமல் போவதோ இருந்தால் அன்றைக்கே போக வேண்டும். தாமதமானால் சிகிச்சையின் பலன் குறைந்துகொண்டே போகும்.

கூட்டத்தில் வந்த கேள்விகளில் சிலவற்றையும் ஆசிரியர் சேர்க்கச் சொன்னார்.

“டெல்லியிலிருந்து பெங்களூருக்குப் போனால் ஒன்றும் ஆவதில்லை, சென்னைக்கு வந்தால் மட்டும் அடைக்கிறதே?” நல்ல கவனிப்பு. பெங்களூரு விமான நிலையமே ஏறக்குறைய 3,000 அடி உயரத்தில் இருக்கிறது. அங்கே நீங்கள் முழுதாக இறங்குவதில்லை. நம் மீனம்பாக்கம் கடல் மட்டத்துக்கு ஐம்பது அடி மேலே. கடைசிப் படிவரை இறங்கியாக வேண்டும்.

“ஆன்லைனில் விற்கும் விமானக் காதடைப்பான்?” அழுத்தம் ஏறுவதைக் கொஞ்சம் மெதுவாக்கும். சிலருக்கு உதவுகிறது, சிலருக்கு இல்லை. விழுங்குவதற்குப் பதிலாக அல்ல, அதோடு சேர்த்து. சத்தத்தைக் குறைக்கும் ஹெட்ஃபோனுக்கும் அழுத்தத்துக்கும் சம்பந்தமில்லை.

“செவிப்பறையில் ஓட்டை இருக்கிறது, நான் பறக்கலாமா?” இந்த வலி உங்களுக்கு வராது, அம்மா. காற்று அந்த ஓட்டை வழியே போய்வந்துவிடும். ஆனால் அண்மையில் காதிலோ சைனசிலோ அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், செய்த டாக்டரிடம் கேட்காமல் டிக்கெட் எடுக்க வேண்டாம்.

கடைசியாக ‘ஏ’ பிளாக் பெரியவர் ஒருவர் கேட்டார். “வியாழக்கிழமை மகள் வீட்டுக்குக் கிளம்பணும் டாக்டர். பிரசவ தேதி நெருங்கிடுச்சு. நாலு நாளா மூக்கு அடைச்சிருக்கு. நான் போகலாமா, கூடாதா? ஒரே வார்த்தையில சொல்லுங்க.” ஒரே வார்த்தையில் சொல்ல முடியாது சார், காதைப் பார்க்க வேண்டும். நாளைக் காலை எட்டு மணிக்கு வீட்டுக்கு வாருங்கள். மூக்கைப் பிடித்து விழுங்கச் சொல்லி, கருவி வைத்துச் செவிப்பறை அசைகிறதா என்று பார்க்கிறேன். அசைந்தால் எந்த மருந்தை எப்போது போடுவது என்று எழுதித் தருகிறேன், உங்கள் பிரஷர் மாத்திரைச் சீட்டையும் கொண்டு வாருங்கள். அசையவில்லை என்றால் நாலு நாள் தள்ளிப்போடச் சொல்வேன். விமான நிறுவனத்துக்குக் காட்டச் சான்றிதழும் தருகிறேன். முடிந்தால் அம்மாவை மட்டும் வியாழக்கிழமையே அனுப்பிவிடுங்கள், மகளுக்கு முதலில் தேவைப்படுவது அவர்தான்.